நிலவறையில் ஒரு சிக் லைன்

34 வருஷம் சரக்கு வேகன்களுக்கு அடியில் குனிந்தே சம்பளம் வாங்கியவன் நான். ரயில்வேயில் எங்களை டி.எக்ஸ்.ஆர். என்பார்கள். வண்டி யார்டுக்குள் வந்து நின்றதும் சுத்தியல், டார்ச், சாக்பீஸ் சகிதம் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடக்க வேண்டும். சக்கரம், ஸ்பிரிங், பிரேக் பிளாக், கப்ளர் எல்லாம் பார்த்து, ஓடத் தகுதியில்லாததன் மேல் 'சிக்' என்று எழுத வேண்டும். அப்படி எழுதிய வேகனைக் கழற்றிக்கொண்டு போய் நிறுத்தும் இடம்தான் சிக் லைன். ரிட்டையர் ஆன அன்று, இனி முதுகுக்கு ஓய்வு என்று நினைத்தேன். இன்றைக்கும் எனக்கு ஒரு சிக் லைன் இருக்கிறது. அதில் நிற்கும் வேகன்களை ஒரு கையால் தூக்கிவிடலாம்.

பென்சில்வேனியாவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது பேரன் இழுத்துக்கொண்டு போய்விட்ட இடம் அது. ஒரு தேவாலயத்தின் நிலவறை. சுவரோடு சுவராக இடுப்பு உயரத்துக்கு மேடை கட்டி, அதன்மேல் மலை, சுரங்கம், நிலக்கரிச் சுரங்க ஊர், யார்டு எல்லாம் செய்து வைத்திருந்தார்கள். எச்.ஓ. என்கிற அளவு. அசலில் 87 அடி இருந்தால் இங்கே ஒரு அடி. இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே 16.5 மில்லிமீட்டர். பத்துப் பதினைந்து பேர், பெரும்பாலும் என் வயதுக்காரர்கள், ஒவ்வொரு சனிக்கிழமையும் கூடி வண்டி ஓட்டுகிறார்கள். நான் போன அன்று 25 நிலக்கரி ஹாப்பர்களோடு ஒரு வண்டி மலை ஏறிக்கொண்டிருந்தது. பார்க்கப் பார்க்க எனக்குத் தொண்டை அடைத்தது. அடுத்த நிமிஷம் வளைவில் ஏழாவது வேகன் சாய்ந்தது. எட்டாவது அதன்மேல் ஏறியது. ஒருவர் சலிப்போடு வந்து கையால் தூக்கி வைத்தார். நாலு சுற்று கழித்து அதே இடத்தில் வேறொன்று விழுந்தது.

"எப்போதும் இப்படித்தானா?" என்று கேட்டேன்.

"வளைவு என்றால் கொஞ்சம் விழத்தான் செய்யும்" என்றார் அவர்.

யார்டில் யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் சார்ஜ் ஷீட் கொடுத்திருப்பார்கள்.

ஆனால் அவர் சொன்னதில் பாதி நியாயம் உண்டு என்று அன்றிரவு கணக்குப் போட்டபோது தெரிந்தது. அவர்கள் லே-அவுட்டின் முக்கிய வளைவுகளின் ஆரம் 30 அங்குலம். மேடைக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் வண்டி திரும்பி வரும் இடத்தில் 24. குழந்தைகளுக்கு வாங்கிக் கொடுக்கும் செட்டுகளில் 18. 18 அங்குலத்தை 87-ஆல் பெருக்கினால் சுமார் 40 மீட்டர் வருகிறது. நம் ஊரில் பிராட்கேஜுக்கு அனுமதிக்கப்பட்ட மிகக் கடுமையான வளைவே 10 டிகிரி, அதாவது 175 மீட்டர் ஆரம். நாரோகேஜுக்குக்கூடப் பொதுவான எல்லை 44 மீட்டர்தான். எந்த பிராட்கேஜ் எஞ்சினியரும் கையெழுத்துப் போடாத வளைவில் இந்த வேகன்களை ஓடச் சொல்கிறோம். அந்த ஊருக்குப் பக்கத்தில் ஆல்டூனாவில் 1854-இல் திறந்த குதிரைலாட வளைவு உலகப் பிரசித்தம். மலை ஏறும் சரிவைக் குறைப்பதற்காகப் போட்டது. அது 9 டிகிரிச் சொச்சம். அதை அப்படியே எச்.ஓ.வில் செய்தால் ஆரம் ஏழு அடிக்கு மேல் போகும். நிலவறையில் பாதி அதற்கே சரியாகிவிடும். அதனால் எல்லோரும் வளைவைச் சுருக்குகிறார்கள். வேகன் சுருங்குகிறது, வளைவு அதைவிடச் சுருங்குகிறது. பழியெல்லாம் சக்கரத்தின் ஓரத்தில் இருக்கும் பிளாஞ்ச் தலையில் விழுகிறது.

அடுத்த சனிக்கிழமை பெரிய சண்டை. தண்டவாளப் பொறுப்பில் இருந்தவர் ஓய்வு பெற்ற தபால்காரர். "என் லைன் சுத்தம், உங்கள் வேகன்கள்தான் குப்பை" என்கிறார். வேகன் வைத்திருப்பவர்கள் லைனைக் கை காட்டுகிறார்கள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ரயில்வேயில் வண்டி தடம் புரண்டால் தண்டவாளத்தைப் பார்க்கும் பெர்மனன்ட் வே ஆளும் வேகனைப் பார்க்கும் கேரேஜ் அண்ட் வேகன் ஆளும் சேர்ந்து ஜாயின்ட் நோட் எழுத வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு, பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில், ஆளுக்கொரு அளவுகோலோடு நின்று 'உன்னால்தான்' 'உன்னால்தான்' என்று விடியும்வரை மல்லுக்கட்டியிருக்கிறோம். பாதி நோட்டுகளில் ஒரு தரப்பு 'உடன்பாடில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கும். அந்த அனுபவத்தில் எனக்குப் பிடிபட்ட ஒன்று: இரண்டு பேர் சொல்வதும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். சக்கரம் கொஞ்சம் தேய்ந்திருக்கும், தேய்மானம் எல்லைக்குள்தான். லைன் கொஞ்சம் முறுக்கியிருக்கும், அதுவும் எல்லைக்குள்தான். வேகனில் லோடு கொஞ்சம் ஒருபக்கம் சாய்ந்திருக்கும். தனித்தனியாக எதையும் குற்றம் சொல்ல முடியாது. மூன்றும் ஒரே அடியில் சந்தித்தால் வண்டி கீழே.

அதனால் யார் குற்றம் என்பதை விட்டுவிட்டு, எங்கே ஏறியது என்று பார்க்கச் சொன்னேன். என்னை வேலைக்குப் பழக்கிய பெரிய டி.எக்ஸ்.ஆர். எப்போதும் சொல்வார்: "தம்பி, விழுந்த இடத்தைப் பார்க்காதே. பின்னாடி நடந்து போ." அசல் தண்டவாளத்தில் பிளாஞ்ச் மேலே ஏறின இடத்தில் ஒரு கீறல் ஆரம்பிக்கும், தலைமேல் சாய்வாக ஓடும், வெளிப்பக்கம் இறங்கும். ஏறின இடத்துக்கும் இறங்கின இடத்துக்கும் நடுவே சில மீட்டர் இருக்கலாம். குற்றம் ஏறின இடத்தில், கூட்டம் கூடுவது இறங்கின இடத்தில். பொம்மை வேகன் நூறு கிராம் எடையில் கீறல் போடாது. அதனால் வளைவு முழுவதும் தண்டவாளத்தின் தலையில் நீல மார்க்கர் பேனாவால் பூசினேன். பேரன் தன் போனை லைனுக்குப் பக்கத்தில் படுக்க வைத்து ஸ்லோ மோஷனில் பிடித்தான். ஹாப்பரின் அடியில் சக்கரங்களைத் தாங்கும் முன் போகியில் வெளிப்பக்கச் சக்கரம் தண்டவாளத்தின்மேல் ஏறி, ஒரு சாண் தூரம் பிளாஞ்சின் நுனியில் நடந்து, பிறகு சாவகாசமாக வெளியே இறங்குவதைப் பெரிய டி.வி.யில் போட்டுப் பார்த்தோம். தபால்காரர் வாயே திறக்கவில்லை. சக்கரம் ஏறிய இடத்தில் அவருடைய ஜாயின்ட் ஒன்று இருந்தது. அந்த ஜாயின்டைத் தாண்டி மற்ற 24 வேகன்களும் போயிருந்தன. நானும் வாயைத் திறக்கவில்லை.

முதலில் சக்கரம். நம் பிராட்கேஜில் இரண்டு சக்கரங்களின் உள்முகங்களுக்கு நடுவே 1600 மி.மீ. இருக்க வேண்டும். கேஜ் வைத்து அளக்காத நாள் கிடையாது. எச்.ஓ.வில் அது 14.4 மி.மீ. சொச்சம். அமெரிக்காவில் 1935 முதல் என்.எம்.ஆர்.ஏ. என்று மாடல் ரயில்காரர்களின் சங்கம் ஒன்று இருக்கிறது. அவர்கள் விற்கும் தகட்டுக் கேஜ் ஒன்று போதும், சக்கரத்தையும் பார்க்கலாம், தண்டவாளத்தையும் பார்க்கலாம். ஹாப்பர்களைத் திருப்பிப் போட்டு அளந்தேன். பழைய பிளாஸ்டிக் சக்கரங்களில் பல உள்ளே நெருங்கியிருந்தன. சில கோணலாகச் சுற்றின. கழற்றிவிட்டு உலோகச் சக்கரம் போடச் சொன்னேன். உலோகத்தில் ஒரு பக்கச் சக்கரம் சின்ன இன்சுலேட்டர் வளையத்தின்மேல் உட்கார்ந்திருக்கும். கையால் முறுக்கியபடியே இழுத்தால் கேஜுக்கு வந்துவிடும். பிளாஸ்டிக் சக்கரத்தில் கறுப்பு அழுக்கு கொழுக்கட்டை மாவு மாதிரி அப்பிக்கொள்ளும் தொல்லையும் போனது. இதோடு விழுவது பாதி குறைந்தது. இந்தப் பாதி யாருக்கும் சுலபமாகக் கிடைக்கும். மீதிப் பாதிதான் என்னை மூன்று மாதம் தூங்கவிடவில்லை.

நாம் போகி என்பதை அமெரிக்காவில் டிரக் என்கிறார்கள். முதல் நாள் ஒருவர் "டிரக் ஆடுகிறது, ஸ்க்ரூவை இறுக்கு" என்றபோது நான் மேடைமேல் நின்ற பொம்மை லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் பழக்கமே இதுதான்: வேகன் விழுந்தால் ஸ்க்ரூவை இறுக்குவது. இரண்டு போகியையும் ஒவ்வொரு ஸ்க்ரூ வேகனின் அடியோடு பிடித்திருக்கும். ஆடாமல் நின்றால் ஆரோக்கியம் என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை. விழ விழ இறுக்கி, இறுக்க இறுக்க விழுந்திருக்கிறது.

அசல் வேகனுக்கு ஸ்பிரிங் உண்டு. நம் சரக்கு வேகன்களின் காஸ்நப் போகியில் ஒரு பக்கத் தண்டவாளம் சற்று அமுங்கினால் அந்தப் பக்கத்து ஸ்பிரிங் இறங்கிக் கொடுக்கும், வேகனின் எட்டுச் சக்கரமும் தண்டவாளத்தோடு இருக்கும். பொம்மை போகி ஒரே வார்ப்பு, கட்டை மாதிரி. ஸ்பிரிங் வைத்த பொம்மை போகிகளும் உண்டு. ஆனால் அந்த ஸ்பிரிங்கை அமுக்க வேகனின் எடை போதாது. அது பார்வைக்கு மட்டும். இரண்டு போகியும் இறுகியிருக்கிற வேகன் முறுக்கு விழுந்த தண்டவாளத்தில் போனால், சமமில்லாத தரையில் போட்ட நாற்காலி மாதிரி ஒரு கால் அந்தரத்தில் நிற்கும். அந்தரத்தில் நிற்கிற கால் வளைவில் வெளிப்பக்கச் சக்கரமாக அமைந்துவிட்டால் அது ஏறாமல் என்ன செய்யும்? டிரெய்னிங் ஸ்கூலில் நாடால் என்கிற பிரெஞ்சு எஞ்சினியரின் கணக்கைச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பக்கவாட்டில் தள்ளும் விசையைக் கீழே அழுத்தும் விசையால் வகுத்துப் பார், அந்த எண் எல்லை தாண்டினால் பிளாஞ்ச் ஏறும். கீழே அழுத்துவது பூஜ்யம் என்றால் வகுத்துப் பார்க்கவே வேண்டாம்.

இதற்கு மருந்து அமெரிக்க மாடல்காரர்களிடமே பழைய காலத்திலிருந்து இருக்கிறது. எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறார்கள், செய்ய மட்டும் யாருக்கும் பொறுமை இல்லை. ஒரு போகியை வளைவில் திரும்பும் அளவுக்கு மட்டும் விட்டு, பக்கவாட்டில் ஆடாதபடி இறுக்க வேண்டும். இன்னொன்றை நன்றாகத் தளர்த்தி, எல்லாப் பக்கமும் அசையவிட வேண்டும். நான் அவர்களுக்கு விளக்கினது எங்கள் ஊர்க் கல்யாணச் சமையலை வைத்து. வெட்டவெளியில் அண்டா ஏற்றுவதற்கு மூன்று கல்தான் வைப்பார்கள். தரை எப்படி இருந்தாலும் மூன்று கல்லில் அண்டா ஆடாது. நாலாவது கல் வைத்தால் சாம்பார் கொட்டும். இறுகிய போகி இரண்டு கல், தளர்ந்த போகி நடுவில் ஒரே கல். பேரன் இதை ஆங்கிலத்தில் சொன்னபோது சாம்பாருக்குப் பதில் சூப் என்று மாற்றிவிட்டான். பரவாயில்லை, புரிந்துகொண்டார்கள்.

என் கைக்குப் பழகின அளவைச் சொல்கிறேன். ஸ்க்ரூவைக் கடைசிவரை இறுக்கி, ஒரு போகிக்குக் கால் சுற்று திருப்பி விடுவேன். போகியை விரலால் சுழற்றினால் தானாக நிற்காமல் கொஞ்சம் ஓட வேண்டும். இன்னொன்றுக்கு முக்கால் சுற்று. அதைப் பக்கவாட்டில் அசைத்தால் கடைசிப் பல் ஆடுவதுபோல மெல்லக் கொடுக்க வேண்டும். இரண்டையும் தளர்த்திவிட்டால் வேகன் கள் குடித்தவன் மாதிரி நடக்கும். திருகுவதற்கு முன்னால் போகி உட்காரும் தட்டையும் பார்க்க வேண்டும். வார்ப்பில் மிச்சமான பிசிறு முடி அளவு இருந்தாலும் போகி அதில் சிக்கி, வளைவு முடிந்த பிறகும் திரும்பினபடியே நிற்கும். நேர் லைனில் விழுகிற வேகன்களுக்குக் காரணம் பல நேரம் பின்னால் கடந்து வந்த வளைவுதான். கத்தியால் பிசிறைச் சீவி, பென்சில் தூள் மாதிரி கிராஃபைட் தடவினேன். எண்ணெய் விடவே கூடாது, தூசியோடு சேர்ந்து பசையாகிவிடும். இதை ஒருவருக்கு மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது.

அடுத்து எடை. இதில் நான் பட்ட அவமானத்தை மறைக்கப் போவதில்லை.

என்.எம்.ஆர்.ஏ. சிபாரிசு எளிமையானது. எச்.ஓ. வேகன் எதுவானாலும் அடிப்படையாக ஒரு அவுன்ஸ், பிறகு நீளத்தில் ஒவ்வொரு அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ். ஆறு அங்குல வேகன் என்றால் நாலு அவுன்ஸ், சுமார் 113 கிராம். எனக்கு இந்தக் கணக்கின்மேல் மரியாதை வந்தது வேறொரு கணக்கால். நம் பாக்ஸ்-என் வேகன் முழு லோடோடு 81 டன். 87-ஐ மூன்று முறை பெருக்கி அதால் வகுத்தால் 123 கிராம். ஏறக்குறைய அதே இடம். ஆனால் காலி பாக்ஸ்-என் இருபத்திரண்டரை டன். அதையும் அதே கணக்கில் போட்டால் 34 கிராம்தான் வரும், மின்விசிறிக் காற்றுக்கே புரண்டுவிடும். ஆகவே பொம்மை உலகத்தில் காலி வேகனும் லோடு சுமந்துதான் ஓட வேண்டும்.

மகளின் சமையலறைத் தராசில் ஹாப்பர்களை நிறுத்தேன். பல 30 கிராம் குறைச்சல். மீன்பிடிக்காரர்கள் வாங்கும் ஈயக் குண்டுகளை ஹாப்பரின் அடிச் சரிவுகளில் கொட்டி, ஃபெவிகால் மாதிரியான வெள்ளைப் பசை ஊற்றி, மேலே பொய் நிலக்கரி பரப்பினேன். ஒரே வாரத்தில் பன்னிரண்டு வேகன். எல்லாம் வளைவில் ரயில்வே மந்திரி வருகைபோல மெதுவாக, மரியாதையாகப் போயின. கைதட்டினார்கள். நான் ஊருக்கு வந்து, அடுத்த வருஷம் திரும்பிப் போனபோது அந்தப் பன்னிரண்டில் ஐந்து வேகன் வயிறு உப்பிப் பக்கச்சுவர் விரிந்து நின்றன. வெள்ளைப் பசையிலிருந்து வரும் அமிலம் ஈயத்தை மெல்ல அரித்து வெள்ளை உப்பாக்கிவிடுமாம். உப்பு ஈயத்தைவிட அதிக இடம் கேட்கும். இது அங்கே பலருக்கும் தெரிந்த விஷயமாம். தெரிந்த ஒருவரும் என்னிடம் சொல்லவில்லை, மாஸ்டர் செய்கிறார் என்று விட்டுவிட்டார்களாம். ஐந்துக்கும் புது உடல் என் செலவில் வாங்கினேன். இப்போது கார் டயருக்கு பேலன்ஸ் பார்க்க ஒட்டும் எஃகுத் துண்டுகள்தான். பின்னால் பசை தடவியே வரும். முடிந்தவரை தாழ்வாக, நீளவாக்கில் நடுவே, இடம் வலம் சமமாக ஒட்ட வேண்டும். மேலே வைத்த எடை உதவாது, உபத்திரவம்.

எடையில் இன்னொரு பிசகும் உண்டு. ஒருவர் ஆர்வக் கோளாறில் தன் வேகன்களை மட்டும் இரண்டு மடங்கு எடையாக்கினார். அவற்றைப் பின்னால் கோத்து, முன்னால் காலி பிளாட் கார்களை மாட்டி மலை ஏற்றினார். நீளமான வண்டியை வளைவில் இழுக்கும்போது, கயிற்றை இரண்டு முனையில் பிடித்து இழுத்தால் நேராகப் பார்ப்பதுபோல, வண்டி முழுவதும் நேராகப் பார்க்கும். இலேசான வேகன் எதுவோ அது உள்பக்கமாகச் சாயும். அன்று நாலு பிளாட் கார்கள் பள்ளத்தாக்கில் இறங்கின. எல்லா வேகனும் ஒரே விதிப்படி எடை இருப்பதுதான் முக்கியம். அதிகமாக இருப்பதில் பெருமை ஒன்றும் இல்லை.

கப்ளரைப் பற்றிச் சுருக்கமாக. பழைய வேகன்களில் கப்ளரைப் போகியிலேயே வைத்திருப்பார்கள். இழுத்தால் சமர்த்தாக வரும். பின்னோக்கித் தள்ளினால் தள்ளுகிற விசை நேராகப் போகிக்குப் போய் அதைத் திருப்பிவிடும். கப்ளரை வேகனின் உடலுக்கு மாற்றினால் தீர்ந்தது. அங்கே பெரும்பாலோர் பயன்படுத்துவது கேடீ கப்ளர். அதன் அடியில் பிரேக் ஹோஸ் மாதிரி வளைந்த ஒரு கம்பி தொங்கும், காந்தத்தால் கழற்றுவதற்கு. நாங்கள் உயரம் பார்க்காமல் பொருத்தினவற்றில் அந்தக் கம்பி லைன் பிரியும் பாயிண்ட்டுகளில் மாட்டியது. உயரக் கேஜ் வைத்துச் சரிசெய்தோம்.

எல்லாம் முடிந்தபின் மிஞ்சினது தபால்காரரின் ஜாயின்ட். இதற்காக நான் காத்திருந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். என் பக்கம் வேலையை முடித்துவிட்டுத்தான் அவரிடம் போனேன். வளைக்கும் தண்டவாளத்தை மூன்றடித் துண்டுகளாக வாங்கி, வளைத்து, வளைவின் நடுவிலேயே இணைத்திருந்தார். வளைந்த முனைகள் நேராகப் பார்க்கும். இணைப்பில் ஒரு மூக்கு எட்டிப் பார்க்கும். கண்ணுக்குத் தெரியாது, தண்டவாளத்தோடு கன்னத்தை வைத்துப் பார்த்தால் தெரியும். நேராக இருக்கும்போதே இரண்டு துண்டை ஈயப்பற்று வைத்து ஒட்டி, பிறகு சேர்த்து வளைத்தால் மூக்கு போய்விடும். இதை அவரே செய்தார், அழகாகச் செய்தார். நேர் லைன் திடீரென்று வளைவாகும் இடத்தில் இடைவளைவு கொடுக்க வேண்டும் என்றும் பேசினோம். அமெரிக்காவில் ஜான் ஆம்ஸ்ட்ராங் என்று ஒருவர் 1963-இல் எழுதின புத்தகத்தில் இதை வலியுறுத்தியிருக்கிறார். மெல்லிய மரப்பட்டையை வளைத்தாலே அந்தக் கோடு தானாகக் கிடைக்கும். நேர்க்கோட்டை வளைவிலிருந்து அரை அங்குலம் தள்ளி வைத்தார் தபால்காரர். வண்டி வளைவுக்குள் நுழைவதே தெரியவில்லை. என் 34 வருஷத்தில் எந்த பெர்மனன்ட் வே ஆளுக்கும் நான் கொடுக்காத சர்டிஃபிகேட்டை அவருக்குக் கொடுத்தேன்.

இப்போது அங்கே பரீட்சை என்பது வண்டியைப் பின்னோக்கித் தள்ளுவது. 40 வேகனைக் கோத்து, மறைவான அந்த 24 அங்குல வளைவு வழியாகத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். தேறாத வேகனுக்கு ஒரு அட்டை. எண், தேதி, என்ன குற்றம், யார் சரிசெய்தது. அவர்கள் அதை 'பேட் ஆர்டர்' அட்டை என்கிறார்கள். நிறுத்தும் லைனுக்கு மட்டும் நான் வைத்த பெயரே நிலைத்துவிட்டது. அமெரிக்கர்கள் 'சிக் லைன்' என்று சொல்வதைக் கேட்க எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

போன முறை கிளம்பும்போது அதில் ஒரே வேகன்தான் நின்றது. பேரன் பிறந்தநாள் பணத்தில் வாங்கின ஆட்டோ ராக், கார் ஏற்றிச் செல்வது. அசலில் 89 அடி, இங்கே பன்னிரண்டே கால் அங்குலம். வேகன் நீளத்தைப் போல மூன்று மடங்கு ஆரம் வேண்டும் என்பது அங்கே பொதுவான கணக்கு. அதன்படி 37 அங்குலம் கேட்கிறது. எங்கள் மறைவான வளைவில் இருப்பது 24. சக்கரம் மாற்றினேன், தண்டு நீளமான கப்ளர் போட்டேன், போகி இடிக்கிற இடத்தையெல்லாம் அரத்தால் ராவினேன். தனியாக ஓட்டினால் போகிறது. குட்டை ஹாப்பரோடு கோத்தால், வளைவில் அதன் நீண்ட முனை வெளியே வீசி ஹாப்பரைத் தூக்கி எறிகிறது. தான் நிற்கும், பக்கத்தில் இருப்பதைத் தள்ளிவிடும். அட்டையில் 'குற்றம்' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் காலியாக விட்டு வந்தேன். போன வாரம் பேரன் அந்த அட்டையைப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறான். அந்தக் கட்டத்தில் கோணல் மாணலான தமிழ் எழுத்தில் 'தாத்தா' என்று எழுதியிருக்கிறது.